சக்கரக்கனியின் பிறந்த வீடு

வீடு கூட்டும் ரோபோ ஒன்று மாசமாக இருக்கிறது என்ற செய்தி, விருதுநகரில் பருப்பு மில்லுகளுக்குப் பின்னால் இருக்கும் பேச்சியம்மாள் காம்பவுண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் பரவியது. தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் யாரும் குடத்தைவிட்டு நகரவில்லை.

"யாரு, அந்த ஆமையா?"

"அதுதான். அஞ்சாவது வீட்டு ஆமை."

"எத்தனையாவது மாசமாம்?"

"அது தெரியலையாம். அண்ணாச்சி எடை போட்டுப் பாத்துச் சொல்லியிருக்காரு."

"அவரு போட்டா எடை சரியாத்தான் இருக்கும். சரி, குடத்தை நகட்டு."

அஞ்சாவது வீட்டு அண்ணாச்சி என்பது தெய்வேந்திரன். மதுரை ரோட்டில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் அவருக்கு வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, லாரி மேடையில் ஏறி நின்றதும் எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பார். அந்த மேடை பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும் கண்டுகொள்ளாது; பூனை ஏறிப் படுத்துத் தூங்கினாலும் பூஜ்யம்தான் காட்டும். அதனால்தானோ என்னவோ, வீட்டில் அவர் வாங்கிச் சேர்த்ததெல்லாம் எடையே இல்லாத சாமான்களாக இருந்தன. வெயில் பட்டால் உள்ளே இருக்கும் கறுப்புத் தகடுகள் தானாகச் சுழலும் கண்ணாடிக் குமிழ் ஒன்று, விரல் வைத்த இடத்துக்கு ஊதா மின்னல் ஓடி வரும் உருண்டை ஒன்று, காந்தத்தைக் காட்டினால் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து எழும் கறுப்புத் திரவம் அடைத்த குப்பி ஒன்று, மழைக்கு முந்தின நாள் தனக்குள் பனிப்பூ பூக்கும் குழாய் ஒன்று, வெந்நீர் ஊற்றினால் நட்சத்திரங்கள் தெரியும் கோப்பை ஒன்று என்று அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் பார்சலில் வந்த நாளில் அவர் எடைமேடைக்கு லீவு சொல்லிவிட்டு, கத்தரிக்கோலால் பெட்டியின் ஒட்டுத்தாளை ஓரம் கிழியாமல் வெட்டி, உள்ளே இருந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, அது முதன்முதலாக அசைகிற நேரத்தில் யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலை என்று வாசலை எட்டிப் பார்ப்பார்.

யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. காம்பவுண்டில் ஆளுக்கா பஞ்சம். ஆனால் அவரவருக்கு அவரவர் அடுப்பு.

மூன்றாவது வீட்டு மாரித்தங்கம் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் மிளகாய் பொறுக்கப் போகிறவள். அவள் துணி காயப்போடும்போது தெய்வேந்திரன் பக்கத்தில் போய் நின்று, இன்னும் கொஞ்ச வருசத்தில் உடுத்தியிருக்கிற துணியே நடக்க நடக்கக் கரண்டு எடுக்கப் போகிறது, அதில் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுவார்.

"அப்ப ஈரத்துணியப் பிழிஞ்சா கை பொத்துப் போகுமே அண்ணாச்சி."

"அப்படி வராம இருக்க ஒரு மேல்பூச்சு கண்டுபிடிச்சிருக்காங்க. ஜப்பான்ல."

"ஜப்பான்காரிக்குப் பூச்சு. எங்களுக்கு ஷாக்கு," என்பாள் மாரித்தங்கம். கூட இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் எல்லோரும் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அவர் சொல்ல வைத்திருந்த மீதி, வாளி இருந்த ஈர வட்டத்தைப் பார்த்தபடி நிற்கும்.

ரோபோ வந்த பிறகு அந்த மீதியைக் கேட்க ஓர் ஆள் கிடைத்த மாதிரி இருந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். அடியில் சக்கரம், பக்கவாட்டில் சுழலும் ஒற்றைத் துடைப்பக் கை. சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டதும் அது சுவரோரச் சார்ஜ் மேடையைவிட்டு இறங்கி, வீட்டை வலம் வரும். அது கட்டிலடியில் போகும்போது கடலுக்கடியில் கட்டப்போகிற ஊரைப் பற்றியும், அடுப்படியில் திரும்பும்போது வானத்திலிருந்து கயிறு விட்டு மேலே ஏறப்போகிற லிஃப்டைப் பற்றியும் அவர் சொல்லிக்கொண்டிருப்பார். அது அவர் காலில் வந்து முட்டி, ஒரு கணம் நின்று, திரும்பிப் போகும். அவ்வளவுதான். அந்த ஒரு கணம் அவருக்குப் போதுமாக இருந்தது.

அதன் எடை கூடியதை அவர்தான் முதலில் கண்டார். வாராவாரம் குப்பையைக் கொட்டி, துடைத்து, சமையல் தராசில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று கிலோ இருநூறு இருந்தது, மூன்றரை ஆகி, நாலைத் தொட்டது. மூடி மேல்பக்கம் லேசாகப் புடைத்தது. கட்டிலடியில் நுழைய முடியாமல் திரும்பி வந்தது. புளிக் கறை இருந்த இடத்தைவிட்டு நகராமல் அதையே நக்கிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டார். போனை எடுத்த பெண் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னது. அப்படி அழுத்தினால் ஏற்கனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமா என்று இவர் கேட்டார். எல்லாம் அழிந்து புதுசு மாதிரி ஆகிவிடும் என்றது. வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

ஆட்டோ எலக்ட்ரீசியன் சேவியர் வந்து, ரோபோவின் மேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டான்.

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. உள்ள வேற என்னமோ, சின்னச் சின்னதா, தனியா ஓடுது. மூணு இருக்கும்னு நினைக்கேன். நான் இதைத் திறக்க மாட்டேன். எங்க வீட்டுலயும் மாசமாத்தான் இருக்கா, இந்த நேரத்துல நான் இதுல கை வைக்கக் கூடாது."

அவன் வாசலில் சொல்லிவிட்டுப் போனதுதான் அன்றைக்குக் குழாயடிக்கு வந்தது.

தகப்பன் யார் என்ற பேச்சு டீக்கடையில் கொஞ்சம் ஓடியது. வீட்டுக்காரம்மா பேச்சியம்மாள் அதை நிறுத்தினாள். எட்டு வீட்டுக்கும் சாவி வைத்திருப்பவள், எட்டு வீட்டு நல்லது பொல்லதுக்கும் முறை சொல்கிறவள் அவள். "வீட்டுல ஒரு ஆம்பளை இருக்கும்போது, அந்த வீட்டுல மாசமா இருக்கறதப் பத்தி அப்படியொரு கேள்வி கேட்டா, அது வீட்டுக்காரனை அவமானப்படுத்துற மாதிரி," என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் தெய்வேந்திரனுக்கு அன்றைக்கு டீயில் கூடக் கொஞ்சம் சர்க்கரை போட்டார்.

வளைகாப்பு நடத்துவதென்று பெண்கள் முடிவு செய்தார்கள். எதற்கு என்று யோசிக்க இடமே இருக்கவில்லை. காம்பவுண்டில் மாசமாக இருந்த எவளுக்கும் வளை போடாமல் விட்டதில்லை, வாடகைக்கு வந்து மூன்று மாதத்தில் காலி செய்துகொண்டு போனவளுக்குக்கூடப் போட்டிருக்கிறார்கள். நாள் பார்த்தார்கள். எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று வீட்டுக்கொரு சாதம் பொறுப்பானது. ஆசீர்வதிக்கப் பேர் வேண்டுமே, ஆமையே நல்லா இரு என்றா சொல்வது என்று பேச்சியம்மாள் கேட்க, ஆளாளுக்கு ஒன்று சொல்லி, கடைசியில் சக்கரக்கனி என்று வைத்தார்கள். அஞ்சாவது வீட்டுக் கூடத்திலேயே பலகையில் கோலம் போட்டு அதை உட்காரவைத்து, மூடியில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சுழலும் அந்த ஒற்றைக் கையில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களைக் கோத்தார்கள். யாரும் பொத்தானைத் தொடவில்லை. சக்கரக்கனி தானாக ஒரு முறை கையைச் சுழற்றியது. வளையல் சத்தம் எட்டு வீட்டுக்கும் கேட்டது. இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தெய்வேந்திரன் வாசலுக்கு வெளியே நின்றார். வளைகாப்பு நடக்கிற இடத்தில் ஆண்களுக்கு என்ன வேலை. வளையல் கோத்த கை சுழல்கிறபோது எடை ஒரு பக்கம் சாயாமல் உள்ளே ஒரு சின்னக் கருவி சரிசெய்துகொள்கிறது, அதுதான் இதில் பெரிய விசயம் என்று பக்கத்தில் நின்ற சேவியரிடம் சொல்ல வாயெடுத்தார். சேவியர் தயிர்சாதத்தில் இருந்தான்.

சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் பேச்சியம்மாள் கேட்டாள்: "தலைப்பிரசவம். பிறந்த வீட்டுக்கு அனுப்பணுமே. எது பிறந்த வீடு?"

"அண்ணாச்சி வீடுதான பிறந்த வீடு?" என்றாள் ஒருத்தி.

"அதெப்படி? வந்த நாள்லயிருந்து அந்த வீட்டுல ஓயாம கூட்டிக்கிட்டில்ல கிடக்கா? பிறந்த வீட்டுல எவ அப்படிக் கூட்டினா? அது புகுந்த வீடுதான்," என்றாள் இன்னொருத்தி. இதை யாராலும் மறுக்க முடியவில்லை.

அப்போது மாரித்தங்கம் முன்னால் வந்தாள். "பார்சல்காரன் கொண்டாந்தப்ப அண்ணாச்சி டியூட்டிக்குப் போயிருந்தாரு. பெட்டி ரெண்டு நாள் எங்க வீட்டுலதான் கிடந்துச்சு. அரிசிப் பானைக்குப் பக்கத்துல. எங்க வீட்டுலயிருந்துதான் அவரு கையில தூக்கிட்டுப் போனாரு. பிறந்த வீடு எதுன்னு இனி நான் வேற சொல்லணுமா?"

மாரித்தங்கத்துக்குப் பிள்ளை இல்லை. புருசன் மில்லில் ராத்திரிக் காவல். பேச்சியம்மாள் சரி என்றாள்.

அன்று சாயங்காலமே சக்கரக்கனியை அழைத்துக்கொண்டு போனார்கள். சார்ஜ் மேடையையும் சேவியர் கழற்றித் தூக்கிக்கொண்டான். தெய்வேந்திரனால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவ்வளவு பேர் தன் வீட்டில் அவ்வளவு நேரம் இருந்தது அவருக்கு அதுதான் முதல் தடவை. வந்தவர்களை எப்படித் தடுப்பது. மறுநாள் விளக்கைப் போட்டதும் சுவரோரத்தில் எதுவும் அசையவில்லை. அப்போதுதான் என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு முழுசாக உறைத்தது.

குட்டிகள் மூன்று. அதிரசம் அளவு. பெற்றது எப்படி என்று பெண்கள் வெளியே சொல்லவில்லை, சொல்கிற வழக்கமும் இல்லை. அடிவயிற்றில் சின்னச் சக்கரங்களோடு, முட்டி முட்டித் திரும்பப் பழகிக்கொண்டு, மாரித்தங்கத்தின் வீட்டில் சிந்திய மாவைத் தேடித் திரிந்தன. காம்பவுண்டே அவற்றைப் பார்த்து நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஓரமாகக் கழற்றினார்கள். கம்பெனிகள் இனி ரோபோவைச் செய்து விற்க வேண்டியதில்லையா, அது கம்பெனிக்குத் தெரியுமா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. கேட்டது தெய்வேந்திரன் ஒருவர்தான், அதுவும் தனக்குள்.

அவர் தினமும் பார்க்கப் போனார். அங்கேதான் அவர் எதிர்பார்க்காதது நடந்தது.

மாரித்தங்கம் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். "வாங்க மாப்பிள்ளை," என்றாள், தலையை லேசாகக் குனிந்துகொண்டு. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். விருந்தாளிக்கென்று எடுத்துவைத்திருக்கும் வெள்ளி மாதிரி மின்னும் டம்ளரில் காப்பி வந்தது. அதுவரை கதவோரம் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி உரக்கச் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள், அவர் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போனார்கள். மாப்பிள்ளை குழந்தைகளைப் பார்க்க வந்திருக்கிறார், தொந்தரவு பண்ணக் கூடாது என்று கதவைப் பாதி சாத்தினார்கள். அவர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருப்பார். சக்கரக்கனி குட்டிகளோடு மூலையில் இருக்கும், அவர் காலுக்கு வராது. நாற்காலியில் உட்கார்ந்தால் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அந்தத் துணி விசயம் சொன்னேன்ல, கரண்டு எடுக்கறது, இப்ப அதுல புதுசா ஒண்ணு வந்திருக்கு," என்றார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை," என்றாள் மாரித்தங்கம். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஷாக்கு அடிக்குமே என்று சொல்லவில்லை. ஜப்பான்காரியை இழுக்கவில்லை. சொல்லி முடித்ததும், "சரிங்க மாப்பிள்ளை. இன்னொரு வாய் காப்பி?" என்றாள். அவர் அவசரமாக எழுந்து வந்துவிட்டார். முன்பெல்லாம் அவரைக் கேலி செய்யவாவது ஆள் இருந்தது. இப்போது தெருவில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டில் தூசி ஏறியது. கண்ணாடிக் குமிழின் மேல் தூசி படிந்து, உள்ளே தகடுகள் சுழல்வது மெதுவானது. அவர் அதைத் துடைக்கவில்லை. சக்கரக்கனி வந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணலாம் என்று இருந்தார்.

குட்டிகளுக்கு மூன்றாம் மாதம் பிறந்ததும் அவர் பேச்சியம்மாளிடம் போய் நின்றார்.

"கூப்பிட்டுக்கிறேன்."

"தாராளமா. உன் பக்கத்துலயிருந்து யாரு வர்றா?"

"நான்தான்."

"ஆம்பளை தனியா வந்து புள்ளபெத்தவளக் கூட்டிட்டுப் போறதா? அப்படி எந்த ஊர்ல நடக்கு? உன் வீட்டுப் பொம்பளைங்க வரணும். ரெண்டு பேராச்சும். ஒரு தேங்காய், பழம், பூ, பிள்ளைகளுக்குத் துணி. கேக்க ஆள் வராம அனுப்பிவச்சேன்னா நாளைக்கு மாரித்தங்கத்த என்ன பேசுவாங்க? ஆளே இல்லாத வீட்டுல பொண்ணக் கொடுத்துட்டான்னு பேச மாட்டாங்களா?"

"சேவியர் வீட்டம்மாவைக் கேட்டுப் பாக்கவா?"

"சேவியர் வீட்டம்மா உனக்கு யாரு? அக்கான்னு ஒருத்தி உனக்கு அருப்புக்கோட்டையில இருக்கா. இருக்காளா இல்லையா?"

இருந்தாள். வேலுத்தாய். அவளோடு பேச்சு நின்று மூன்று வருசம் ஆகியிருந்தது. அவள் மகள் இந்துமதியின் கல்யாணத்தில் தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளில், பட்டும் மாலையும் பழமும் நடுவே, தெய்வேந்திரன் ஒரு தட்டில் அந்தரத்தில் மிதக்கும் விளக்கு ஒன்றை வைத்தார். கீழே ஒரு பீடம், அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில், எதையும் தொடாமல், நிலா மாதிரி ஓர் உருண்டை சுற்றிக்கொண்டே எரியும். அவரிடம் இருந்ததிலேயே நல்ல சாமான் அதுதான். வேறு எதைக் கொடுப்பது என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. மேடையில் அதை வைத்ததும் மண்டபத்தில் கரண்டு போனது. உருண்டை பொத்தென்று விழுந்து, படியில் உருண்டு, மாப்பிள்ளை வீட்டாரின் கால்களுக்கு நடுவே ஓடியது. தாய்மாமன் கொடுத்தது தரையில் நிற்க மாட்டேன் என்கிறது என்று சம்பந்தியம்மாள் சொன்னாள். அந்தச் சொல் இந்துமதி போன வீட்டில் குழம்பு தீய்ந்தாலும் வந்தது, பால் பொங்கினாலும் வந்தது. வேலுத்தாய் தம்பியோடு பேசுவதை நிறுத்தினாள். இந்துமதியின் வளைகாப்புக்கு அவருக்குச் சொல்லவில்லை.

அவர் போனபோது வேலுத்தாய் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள். புருசன் சுப்பையாவிடம், "வந்தவருக்குத் தண்ணி கொடுங்க," என்றாள்.

தெய்வேந்திரன் தண்ணீரைக் குடித்துவிட்டு, எல்லாவற்றையும் சுப்பையாவிடம் சொன்னார். எடை கூடியதிலிருந்து சொன்னார். சுப்பையா ம் கொட்டிக்கொண்டே கேட்டார், ரோபோ பிள்ளை பெற்ற இடத்தில் மட்டும் பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"எம் மக வளைகாப்புல பொறந்த வீட்டுப் பக்கம் ஆளில்லாம ஒத்தையா நின்னேன்னு சொல்லுங்க," என்றாள் வேலுத்தாய், கொட்டையைத் தட்டியபடி. "இப்ப ஒரு மெஷினுக்கு நான் போயி நிக்கணுமாக்கும்."

சுப்பையா தெய்வேந்திரனைப் பார்த்தார். தெய்வேந்திரன் தரையைப் பார்த்தார்.

"சார்ஜ் மேடையும் அங்கதான் இருக்கு," என்றார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்துகொண்டார். செருப்பை மாட்டும்போதுதான் மீதியையும் சொன்னார்: "நம்ம பக்கம் கேக்க ஆளே இல்லன்னு பேசிக்கிறாக அத்தான். அதான் வந்தேன்."

உள்ளே புளி தட்டும் சத்தம் நின்றது.

"யாரு சொன்னான்னு கேளுங்க," என்றாள் வேலுத்தாய்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் அவள் வந்து இறங்கினாள். நாத்தனார் ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு, பட்டுச்சேலை கட்டி, தட்டு நிறையப் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு, தம்பி வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக மூன்றாவது வீட்டு வாசலில் போய் நின்றாள். காம்பவுண்டில் எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"வாங்க மயினி, உள்ள வாங்க," என்றாள் மாரித்தங்கம், மாப்பிள்ளையின் அக்காவை அழைக்கிற முறையில்.

வேலுத்தாய் பாயில் உட்கார்ந்து சக்கரக்கனியை மேலும் கீழும் பார்த்தாள். அதுவரை அப்படியொரு சாமானை அவள் கண்டதில்லை. அது முகத்தில் தெரியவில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணு இளைச்சுப்போயில்ல கிடக்கு. வரும்போது நாலு கிலோ இருந்தாளாமே."

"வயித்துல மூணைச் சுமந்தவ, பெத்த பிறகும் நாலு கிலோ இருப்பாளா மயினி? எங்க வீட்டுல தரையில ஒரு பருக்கை கிடக்க விட்டதில்லை, எல்லாம் அவளுக்குத்தான்."

"சிவப்புக்குப் பச்சை சேரலையே. கையில வளையல் ஒண்ணு குறையுது."

"கட்டில்கால்ல இடிச்சு உடைஞ்சுச்சு. அதுக்குத்தான் புதுசு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்."

எல்லாம் முறைப்படி நடந்தது. எழுந்திருக்கும்போது மாரித்தங்கம் கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழாமல் இருந்தாள். "ரெண்டு போதுமே மயினி உங்களுக்கு. இது இங்க இருக்கட்டும். இது என் கைக்குத்தான் வரும்," என்றாள்.

"எங்க தம்பி வீட்டுப் பிள்ளைக மூணு," என்றாள் வேலுத்தாய். "மூணையும் கூட்டிட்டுத்தான் போவோம்."

வாசலில் நின்ற தெய்வேந்திரனுக்குத் தம்பி என்ற சொல் காதில் விழுந்தது. அதன் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது எதுவும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, வேலுத்தாய் கடைக்குட்டியை மாரித்தங்கத்தின் மடியிலேயே விட்டுவிட்டு, அதன் முதுகில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். நாள் கிழமைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று பேச்சு முடிந்திருந்தது.

ஐந்தாவது வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து, சக்கரக்கனியை வலதுசக்கரம் முதலில் வைக்கச் செய்து உள்ளே விட்டார்கள். சேவியர் மேடையைப் பழைய இடத்தில் மாட்டினான். கூட்டம் கலைந்தது. நாத்தனார் ஊர்க் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினாள். வீட்டுக்குள் அக்காவும் தம்பியும் இருந்தார்கள்.

வேலுத்தாய் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். வீட்டைப் பார்த்தாள். மூலைக்கு மூலை தூசி பந்து பந்தாக உருண்டு கிடந்தது. சக்கரக்கனி இரண்டு குட்டிகளையும் பின்னால் விட்டுக்கொண்டு, வளையல் குலுங்க, சுவரோரத்திலிருந்து வேலையை ஆரம்பித்தது.

"ஏத்தா சக்கரக்கனி," என்றாள் வேலுத்தாய், அதைப் பார்த்து. "இந்த வீட்டுல இத்தனை நாளும் மனுசர் யாரும் இருந்தாங்களான்னு கேளு."

தெய்வேந்திரன் அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தார். தன்னிடம்தான் பேசுகிறாள் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆனது.

"இருந்தாருன்னு சொல்லுத்தா," என்றார், அவரும் அதைப் பார்த்தே.

"சாப்பாடு எங்கன்னு கேளு."

"கடையிலன்னு சொல்லு."

"கடைச்சோறு தின்னா உடம்பு இப்படித்தான் ஆகும்னு சொல்லு." சக்கரக்கனி கட்டிலடிக்குப் போனது. அது வெளியே வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். "இந்துமதி பையனுக்குக் கீழ்ப்பல்லு ரெண்டு முளைச்சிருக்குன்னு சொல்லு."

"பையன்னு இப்பத்தான் தெரியுதுன்னு சொல்லு," என்றார் தெய்வேந்திரன்.

ஒரு குட்டி வழிதவறிப் போய் அலமாரிக் காலில் முட்டி, திரும்பி, மறுபடி அதே காலில் முட்டிக்கொண்டிருந்தது. அவள் எட்டி அதை எடுத்துத் திசை மாற்றி விட்டாள். விட்ட பிறகும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அதன் சூடு இருந்திருக்க வேண்டும்.

"பேரு கேக்க மாட்டாராமான்னு கேளு."

"பேரு என்னன்னு கேளுத்தா."

"ஆதவன்," என்றாள். அதைச் சக்கரக்கனியைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாலு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் ஆறு மணிக்குத்தான். சீக்கிரம் கிளம்பணும்னு சொல்லு," என்றாள்.

"சரின்னு சொல்லு," என்றார் அவர். சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அவருக்கு அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. வளையல் சத்தம் அடுப்படிக்குப் போய், திரும்பி, கூடத்துக்கு வந்தது. அருப்புக்கோட்டை பஸ் மில்லு முக்கில் திரும்பும்போது நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். அடித்தது. சத்தம் ரோட்டோடு போய்த் தேய்ந்தது.

வேலுத்தாய் எழுந்திருக்கவில்லை. சக்கரக்கனி அவள் பக்கமாக வந்தது. அவள் நீட்டியிருந்த இரண்டு காலையும் தூக்கி, அது அடியில் புகுந்து கூட்டிவிட்டுப் போகிறவரை அப்படியே வைத்திருந்தாள்.